பொறுப்பானவர் சிவனம்மாள், காஞ்ச ஐஸ் அஞ்சு கிலோ

சாணார்பட்டி,
திங்கட்கிழமை, பூப்பறித்து முடித்த பிறகு.

அன்புள்ள பேரன் அஜித்துக்கு, உன் அப்பத்தா சிவனம்மாள் உன் தலையில் கைவைத்து ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கே வீடு, மாடு, கிணற்றுத் தண்ணீர், மல்லிகைத் தோட்டம் எல்லாம் அதது இருக்க வேண்டியபடி இருக்கின்றன. அங்கே மலைமேல் உன் காலுக்குக் கம்பளிச் சாக்ஸும் வாய்க்குச் சூடாக ஒரு வாய்ச் சோறும் கிடைக்கின்றன என்று நம்புகிறேன். உன் மகள் பாப்பா இப்போது தூங்குகிறாள். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், நீ உறையைப் பிரித்ததும் அதைத்தான் தேடுவாய் என்று எனக்குத் தெரியும்.

அடுத்தது நம் வீட்டுப் பிள்ளைகள் சேதி. உன் சித்தப்பா மகன் முகேஷ்குமார், வயலுக்கு மருந்தடிக்கிற டிரோன் ஓட்டப் பரீட்சை எழுதி லைசன்ஸ் வாங்கிவிட்டான். சைக்கிளில் போனால் கோழிமேல் ஏற்றுகிற பிள்ளை, இப்போது ஆகாசத்தில் ஓட்டுகிறான். ஆகாசத்தில் கோழி இல்லாததால் நன்றாகவே ஓட்டுகிறான். உன் தங்கச்சி ஜீவிதா, திண்டுக்கல் லேபில் வேலை பார்த்துக்கொண்டே சென்னைக்குப் போய், ஆபத்தான சரக்கை ஏரோப்ளேனில் எப்படிக் கட்டி, எப்படிப் பேர் எழுதி அனுப்புவது என்று படித்து, அதற்கும் ஒரு சான்றிதழ் வாங்கி வந்திருக்கிறாள். அதைக் கண்ணாடி போட்டு உன் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். தாத்தாவைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்த வேண்டியதாகிவிட்டது. நீ ராணுவத்தில் நாயக் பதவிக்கு உயர்ந்த சேதியைத் திண்டுக்கல் பஸ்ஸில் கண்டக்டரிடம் சொன்னேன், அவன் எனக்குச் சன்னல் ஓரம் உட்கார இடம் பிடித்துக் கொடுத்தான். எல்லாவற்றையும் விடப் பெரிய சேதி, பாப்பா குப்புற விழுந்துவிட்டாள். யாரும் தொடவில்லை, தள்ளவில்லை, தானாகவே. நான் பார்த்தேன், மாடும் பார்த்தது. இன்னொன்றும் உண்டு. நம் குடும்பத்தில் முதன்முதலாக ஏரோப்ளேன் ஏறியதும் பாப்பாதான். அவள் ஏறவில்லை, அவள் மூத்திரம் ஏறியது. நீகூட ரயிலில்தான் போனாய். அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நேத்து ஞாயித்துக்கிழமை நீ கூப்பிட்டப்ப, "அப்பத்தா"ன்னு நீ சொல்லி முடிக்கிறதுக்குள்ள "வைலே போன"ன்னு சொல்லிக் கட் பண்ணிட்டேன். வாரத்துக்கு ஒருக்கா வரிசையில நின்னு, அந்த ஆபீசு போன்ல உனக்குக் கிடைக்கிறதே செத்த நேரம். அதுலயும் கெழவி இப்படிப் பண்ணிட்டாளே, பாப்பாவுக்கு என்னமோ ஆயிருச்சு, மறைக்கிறாளுகன்னு நீ ராத்திரி பூரா உருண்டிருப்ப. அப்பு, ஒண்ணும் மறைக்கல. போன் லயன் காலியா இருக்கணும். ஐதராபாத்துல இருந்து எந்த நேரமும் கூப்பிடுவாங்க. பொட்டிக்குப் பொறுப்பு நான்தான். என் நம்பரு பொட்டி மேல எழுதியிருக்கு. அதுனாலதான் இந்தச் சமாச்சாரத்தப் போன்ல சொல்லாம, தாளும் பேனாவும் வாங்கி எழுதுறேன்.

தமிழ்மதி உனக்குப் பாதி சொல்லியிருக்கும். உன் பொண்டாட்டி எதையும் பாதிதான் சொல்லும், மீதிய அழுதுரும். பாப்பா பால் குடிச்ச கையோட கக்கிக்கிட்டே இருந்தா, எடையும் ஏறல. டாக்டரம்மா பாத்துட்டு, பால்ல இருக்கிற ஏதோ ஒண்ணு இவ ஒடம்புக்குச் செரிக்கலையோன்னு சந்தேகமா இருக்கு, ரத்தமும் மூத்திரமும் ஐதராபாத்துக்கு அனுப்பித்தான் பாக்கணும், ரிசல்ட் வர்ற வரைக்கும் தாய்ப்பால் வேண்டாம், நான் எழுதிக் குடுக்குற டப்பாப் பால் குடுங்கன்னு சொல்லிட்டாங்க. அம்புட்டுத்தான் விசயம். ஆனா அம்புட்டு இல்ல. டப்பாப் பாலைக் குடிச்சுட்டும் பாப்பா அவ அம்மா சேலையத்தான் மோந்து பாக்குறா. தமிழ்மதி பால் கட்டிக்கிட்டு வலிக்குதுன்னு பீச்சிப் பீச்சிக் கொல்லையில கருவேப்பிலைச் செடிக்கு ஊத்திட்டு வருது. அங்கணத்துச் சாக்கடையில கொட்ட மனசு வரல அதுக்கு. கருவேப்பில தளதளன்னு வந்திருக்கு. அதைக் கிள்ளி ரசத்துல போட எங்க யாருக்கும் கை போகல. கடையில போயி வாங்குறோம்.

இப்பப் பொட்டிக் கதைக்கு வாரேன். லேப்ல பாப்பாவுக்கு ரத்தம் எடுத்தாங்க, ஒரு சின்னப் பையைக் கட்டி மூத்திரமும் பிடிச்சாங்க, எடுத்த சூட்டோட ஒறைய வச்சாங்க. உங்கம்மா தமிழ்மதியையும் பாப்பாவையும் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டா. நான் மட்டும், பொட்டி போற வரைக்கும் இருந்து பாத்துட்டு வாரேன்னு உக்காந்துட்டேன். ஜீவிதா கட்டுனா பாரு, நம்ம வீட்டுல ஒரு நகையக்கூட யாரும் அப்படிக் கட்டினதில்ல. மொதல்ல மூடி போட்ட குட்டிக் குழாய், அதச் சுத்திப் பஞ்சு, அது ஒரு ஒழுகாத டப்பாக்குள்ள, அந்த டப்பா தெர்மாகோல் பொட்டிக்குள்ள, சுத்தி டிரை ஐஸ், அது மொத்தமும் அட்டைப் பொட்டிக்குள்ள. டிரை ஐஸ்னா நம்ம ஐஸ் மாதிரி இல்லலே. சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையா இருக்கு, கொதிக்கிற ஒலைப்பானை மாதிரி பொகையுது, ஆனா தொட்டா சில்லுன்னு கை வெந்துரும்னா. கரைஞ்சா தண்ணியும் இல்ல. காஞ்ச ஐஸ்னு நான் பேரு வச்சேன். அவளும் சரின்னுட்டா.

அப்பறம் ஒட்டுறதுக்கு எடுத்தா சீட்டுகள. ஒரு சாய்சதுரத்துல இங்கிலீசும் நம்பரும், உள்ள இருக்கிறது மனுசன் ஒடம்புல எடுத்தது, சோதனைக்குப் போகுதுன்னு அர்த்தமாம். இன்னொரு சாய்சதுரத்துல மேல பாதிக்குக் கருப்புக் கருப்பா வரி, அது காஞ்ச ஐசுக்கு. பக்கத்துல அதுக்கும் ஒரு நம்பரு, ஐஸ் மட்டும் எத்தன கிலோன்னு எழுதணும். அஞ்சு கிலோ. மடக்கி ஒட்டக் கூடாது, ஒண்ணு மேல ஒண்ணு படக் கூடாது, பழைய சீட்டு எதுவும் இருக்கக் கூடாது, எந்தப் பக்கம் மேலன்னு அம்புக்குறி, அனுப்புறவங்க பேரு, வாங்குறவங்க பேரு. நம்ம வீட்டுக் கல்யாணச் சீரு வரிசைக்குக்கூட இம்புட்டு மொறை கெடையாது. ஐஸ் எடைய எழுதுறியே, பிள்ளை எடைய எழுதலையான்னு கேட்டேன். பிள்ளை உள்ள இல்ல அப்பத்தான்னா.

கடைசியில ஒரு வரி மட்டும் காலியா இருந்துச்சு. என்னன்னு கேட்டேன். "இந்தப் பொட்டிக்கு வழியில என்ன ஆனாலும், போன் பண்ணினா எடுத்து வெவரம் சொல்றவங்க பேரும் நம்பரும் எழுதணும் அப்பத்தா. பொறுப்பானவர்னு அர்த்தம்."

"யாரு பேர எழுதப் போற?"

"என் பேருதான்."

"உனக்கு இன்னும் கல்யாணமே ஆகல. நீ எப்படிடி பொறுப்பானவ?"

"அப்பத்தா, இது காதுகுத்துப் பத்திரிகை இல்ல."

"பத்திரிகையோ பொட்டியோ, இந்த வீட்டுல இருந்து நாலு பேரு கையில போற எதுலயும் மேல யாரு பேரு இருக்கும்? உங்க தாத்தா போன பெறகு உன் சடங்குல இருந்து அஜித்து கல்யாணம் வரைக்கும் 'அழைத்து மகிழும் சிவனம்மாள்'னு தானடி அடிச்சோம். அதுவும் போக, லேபுக்குள்ள போன எடுக்க விடமாட்டாங்க, பெட்டியில வச்சுப் பூட்டிட்டுத்தான் போறேன்னு நீதானே சொன்ன. பூட்டின பெட்டிக்குள்ள மணியடிச்சா யாரு எடுப்பா?"

காலையில இருந்து அந்தப் பிள்ள ஒரு வாய் டீகூடக் குடிக்கல. சரின்னு சொல்லி இங்கிலீசுல என் பேர எழுதினா. எனக்கு இங்கிலீசு தெரியாதுங்கிறதுனால, இது என் பேருதானான்னு பக்கத்துல கம்ப்யூட்டர்ல இருந்த பிள்ளையக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லி உறுதி பண்ணிக்கிட்டேன். ஏரோப்ளேன்ல போற பொட்டியில என் பேரு. உங்க தாத்தா இருந்திருந்தா ரெண்டு நாளைக்கு எங்கூடப் பேசியிருக்க மாட்டாரு.

பொட்டியத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் சௌகத் அலி கூரியர் கடைக்குப் போனோம். அவருதான் வேனுல மதுரை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோறவரு. நல்ல மனுசன், தொழுகைக்குப் போயிருந்தாரு. ஜீவிதா என்னமோ காகிதம் செராக்ஸ் எடுக்கணும்னு எதுத்தாப்புல போனா. நான் பொட்டிக்குக் காவலா உக்காந்திருந்தேன். உக்காந்து பாத்தா, மூடி ஓரத்துல மெதுமெதுவாப் பொகை வெளிய வருது. இம்புட்டுப் படிச்ச பிள்ள, மூடிய ஒழுங்கா ஒட்டலையே, குளிர்ச்சி பூரா இங்கேயே போயிருச்சுன்னா ஐதராபாத் போறப்ப பாப்பா ரத்தம் என்னத்துக்கு ஆகும்? நீ சொல்லு, பத்து வருசமா நம்ம மல்லிகைய தெர்மாகோல் பொட்டியில ஐஸ் வச்சு, ஒரு எறும்பு நொழைய எடமில்லாம டேப் சுத்தித்தானே வெளிநாட்டுக்கு அனுப்புறோம். ஒரு பொட்டி வாடினதுன்னு திரும்பி வந்திருக்கா? அந்த நம்பிக்கையில சௌகத் அலி மேசையில இருந்த பிரவுன் டேப்ப எடுத்தேன். நீளவாக்குல ரெண்டு, குறுக்க ரெண்டு, மூடியச் சுத்தி வளைச்சு வளைச்சு, டேப்பு தீர்ற வரைக்கும் ஒட்டினேன். பொகை நின்னுருச்சு. எனக்கு அம்புட்டு நிம்மதி.

சௌகத் அலி தொப்பியக் கழட்டிக்கிட்டே உள்ள வந்தாரு. பொட்டியப் பாத்தாரு. தொப்பியத் திரும்பப் போட்டுக்கிட்டாரு.

"யாரும்மா இத ஒட்டினது?"

"நான்தான். பொறுப்பானவ."

"அம்மா, நீங்க மொதல்ல அந்தச் சேர விட்டு எந்திரிச்சு வாசப்பக்கம் வாங்க."

"ஏன், காத்து வரலையா?"

"காத்து வரலைங்கிறதுதாம்மா பிரச்சினை. இந்த ஐசு தண்ணியா உருகாது, காத்தா மாறும். போக வழி இல்லைன்னா பொட்டி உப்பும். உப்பி உப்பி என்ன ஆகும்னு நான் சொல்லணுமா? பூவுக்கு ஒட்டுற மாதிரி ஒட்டி வச்சிருக்கீங்களே."

"பூவுக்கு ஒட்டுறவதான் நான்."

"அப்பச் சரி," அப்படின்னு சொல்லிட்டு பிளேடு எடுத்தாரு. அவரு மூச்சப் பிடிச்சுக்கிட்டு டேப்ப உரிக்க உரிக்க, டேப்போட சேந்து வரி போட்ட சீட்டும் கிழிஞ்சு வந்துருச்சு. பாதி வரி பொட்டியில, பாதி வரி டேப்புல. கிழிஞ்ச சீட்டோட ஏரோப்ளேன்ல ஏத்த மாட்டாங்களாம். ஜீவிதா திரும்பி வந்து பாத்தப்ப, சௌகத் அலி வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே நான் சொல்லிட்டேன், "பாப்பா ரத்தம் குளிர்ல இருக்கணும்னுதான்டி செஞ்சேன்"னு. அவ அப்படியே லேபுக்கு ஓடிப் போயி வேற சீட்டு கொண்டாந்து, போன ஐசுக்குப் பதிலா ஐசு போட்டு, மறுபடி எடை பாத்து எழுதினா. அதுக்குள்ள வழக்கமா ஏத்துற நேரம் போயிருச்சு. சௌகத் அலி தன் வேனுலயே, கண்ணாடிய எறக்கி விட்டுக்கிட்டு, தனியா மதுரைக்குக் கொண்டுபோனாரு. கண்ணாடி ஏன் எறக்கணும்னு கேட்டேன். வண்டிக்குள்ள அந்தக் காத்து சேந்தா ஓட்டுறவனுக்கு மயக்கம் வந்துரும்மான்னாரு. பாப்பா மூத்திரத்துக்கு இம்புட்டு மருவாதையான்னு நெனச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலையில நான் மல்லித் தோட்டத்துல நிக்கிறேன். கூட லூர்தம்மாள் பூப்பறிக்குது, உனக்குத் தெரியுமே, வாய்க்கால் மேட்டு வீடு, அது பேசுனா காக்கா எந்திரிச்சுப் போயிரும். போன் அடிச்சுச்சு. யாரோ ஒரு ஆம்பள, பாதி தமிழு பாதி இந்தி. "சிவனம்மாள்? நீங்கதான் பொறுப்பா? எத்தன கிலோ?"ன்னு கேக்குறான். அஜித்து, நீ லீவுல வந்தப்ப என்னைய உக்கார வச்சு என்ன சொல்லிக் குடுத்த? தெரியாத நம்பர்ல இருந்து கூப்பிட்டு, உன் பேரச் சரியாச் சொல்லிக் கேள்வி கேட்டான்னா அவன் திருட்டுப் பய, பதில் சொல்லாத, கட் பண்ணுன்னு சொன்னியா இல்லையா? சத்தியம் வாங்கினியா இல்லையா? அந்த நெனப்புல நான் அவன்கிட்ட, "எத்தன கிலோன்னா கேக்குற, உன் சோலியப் பாத்துட்டுப் போடா களவாணிப் பயலே, எம் பேரன் ராணுவத்துல நாயக்கு"ன்னு சொல்லி வச்சேன். மறுபடி அடிச்சான். மறுபடி வச்சேன். மூணாந்தடவ அடிச்சதும் லூர்தம்மா, "இங்க குடு அத்தை"ன்னு வாங்கிப் பேசுச்சு. அது என்ன பேசுச்சுன்னு நான் எழுத மாட்டேன், உனக்கு வர்ற கடுதாசிய ஆபீசர் பிரிச்சுப் பாப்பாங்கன்னு சொல்லியிருக்க. அதுக்கப்பறம் அந்த ஆளு கூப்பிடல.

அவரு திருட்டுப் பயல் இல்லப்பா. ஏர்போர்ட்டு சரக்கு ஆபீசுக்காரரு. ஐசு மறுபடி போட்டதுல சீட்டுல ஒரு எடை, காகிதத்துல பழைய எடை. எது சரின்னு ஒரே ஒரு வார்த்தை கேக்கத்தான் கூப்பிட்டாரு. அத நான் சொல்லியிருந்தா ஏத்தியிருப்பாரு. சொல்லலைங்கவும், ஏரோப்ளேன் பொட்டிய விட்டுட்டுப் போயிருச்சு. மத்தியானம் சௌகத் அலிக்குத் தெரிஞ்சு, அவரு லேபுக்கே போயி ஜீவிதாவுக்குச் சொல்லி, அவ வேலையப் பாதியில போட்டுட்டு மதுரைக்கு ஓடினா. கையில ஐசு, புதுச் சீட்டு, புதுக் காகிதம். இதெல்லாம் அவ சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். அது தெரியாம, திருடன விரட்டிட்டேன்னு நான் தெருவுல நாலு பேருகிட்டப் பெருமை அடிச்சிருந்தேன். ஜீவிதா கை கால் கழுவிட்டு வந்து, "பொட்டி அடுத்த ஏரோப்ளேன்ல போயிருச்சு அப்பத்தா, உள்ள எல்லாம் ஒறைஞ்சபடியே இருக்கு, கவலைப்படாத"ன்னா. திட்டல. என்னைய யாராச்சும் திட்டிட்டா நான் திருப்பித் திட்டி மனசு ஆறிருவேன். அந்தப் பிள்ள திட்டாம, என் தட்டுல இன்னொரு தோசைய வச்சிட்டுப் போயிருச்சு.

தமிழ்மதி அன்னைக்கும் கொல்லைக்குப் போயிட்டு வந்துச்சு. எதுக்கால நான் நின்னேன். "ஒரு நாளு கூடிப் போச்சு தாயி, என்னாலதான்"னு சொன்னேன். அது என் கையப் பிடிச்சு, "நீங்க பாப்பா ரத்தம் குளிர்ல இருக்கணும்னுதானே ஒட்டினீங்க"ன்னு சொல்லிச்சு. அதுக்குள்ள மாடு கத்துச்சு, தண்ணி காட்டப் போயிட்டேன்.

அன்னைக்கு முடிவு பண்ணினேன். பேரு எழுதிக் குடுத்தாச்சு, இனிமே பொறுப்புன்னா பொறுப்புதான். போன இடுப்புல கட்டின சுருக்குப்பையில வச்சிருக்கேன். குளிக்கப் போனா கொடியில துணிக்குப் பக்கத்துல தொங்கும். கரண்டு போனா, சார்ஜ் கொறையிறதுக்கு முன்னாடியே நம்ம ஊரு ஆஸ்பத்திரியில இருக்கிற இன்வெர்ட்டருக்குக் கொண்டு ஓடுறேன். சொல்ல வேண்டியத ஜீவிதாகிட்டக் கேட்டு மனப்பாடம் பண்ணிட்டேன். மணியடிச்சதும் எடுத்து, "சிவனம்மாள் பேசுறேன், பொறுப்பு நான்தான், காஞ்ச ஐஸ் அஞ்சு கிலோ, உள்ள இருக்கிறது சோதனைக்கு, மேல் பக்கம் மேலயே இருக்கணும்" அப்படின்னு ஒரே மூச்சுல சொல்லிருவேன். சிலிண்டர் கம்பெனிக்காரனுக்குச் சொன்னேன். கடன் வேணுமான்னு கேட்ட பொண்ணுக்குச் சொன்னேன், அது பயந்து போயி வேண்டாம்மான்னு வச்சிருச்சு. பேங்க்ல இருந்து பேசுறேன்னு ஒரு நெசமான களவாணிப் பயலும் கூப்பிட்டான்னு நெனைக்கிறேன். அவன்கிட்டயும் சொன்னேன். அவன் ஐசு வெலைய விசாரிச்சான்.

ஆக இப்ப நம்ம வீட்டுல நடப்பு இதுதான். தெரியாத நம்பரு வந்தா எடுக்குறேன், தெரிஞ்ச நம்பரு வந்தா கட் பண்றேன். பாலசமுத்திரத்துல இருந்து என் தங்கச்சி அய்யம்மாள் கூப்பிட்டு, என்ன அக்கா கோவமான்னு ஆள் விட்டுக் கேட்டிருக்கு. நீ கூப்பிட்டதும் அந்தக் கணக்குலதான் சேந்துச்சு. உன் குரலைக் கேட்டதும் ரெண்டு வார்த்தை பேசணும்னு நாக்கு நொனி வரைக்கும் வந்துச்சுப்பா. அந்த ரெண்டு வார்த்தை நேரத்துல ஐதராபாத்துக்காரவுக கூப்பிட்டு, லயன் கிடைக்கலைன்னு வச்சிட்டா? தமிழ்மதி இன்னொரு நாளு அந்தச் செடிக்கு ஊத்தணும். அது உனக்கும் பொறுக்காது, எனக்கும் பொறுக்காது.

அதுனால ரிசல்ட் வர்ற வரைக்கும் நீ எனக்குப் போன் பண்ண வேண்டாம். தமிழ்மதி நம்பருக்கும் சுருக்கமாப் பேசு, ஒருவேளை அதுலயும் கூப்பிட்டாங்கன்னா. லீவு கேட்டு ஓடி வரவும் வேண்டாம். நீ வந்து என்ன செய்யப் போற, என் பக்கத்துல உக்காந்து நீயும் போனப் பாத்துக்கிட்டு இருப்ப. உன் வேலைய நீ பாரு, இங்க வேலைய நான் பாத்துக்கிறேன். இந்தப் பொட்டி விசயத்துல பொறுப்பான ஆளு இருக்குன்னு தைரியமா இரு.

பழனியில இருக்கிறவன் அந்த மலையில இருக்கிற உன்னையும் பாத்துக்கிடட்டும். உன் தாத்தா இருந்து சொல்ல வேண்டிய வாழ்த்தையும் சேத்து நானே சொல்லிட்டேன். உங்கப்பன், உங்கம்மா, முகேசு, ஜீவிதா எல்லாரும் கேட்டதாச் சொல்லச் சொன்னாங்க. தமிழ்மதி ஒண்ணும் சொல்லச் சொல்லல, ஆனா நான் எழுதுறப்ப ரெண்டு தடவ வந்து எட்டிப் பாத்துச்சு.

இப்படிக்கு,
உன் மேல் உசுராக இருக்கும் அப்பத்தா,
கருப்பணன் மனைவி சிவனம்மாள்.
(பொறுப்பானவர்)

பின்குறிப்பு: கடுதாசிய மடிச்சு வச்சு, ஒட்டுறதுக்கு நாலு சோத்துப் பருக்கை எடுக்க அடுப்படிக்குப் போனேன். ஜீவிதா வேலை முடிஞ்சு வந்துட்டா. நான் திரும்பி வர்றதுக்குள்ள மேசையில இருந்த கடுதாசிய எடுத்து வாசிச்சிட்டா. வாசிச்சவ அப்படியே தரையில உக்காந்து சிரிக்கிறா, கண்ணுல தண்ணி வருது, எதுக்கு வருதுன்னு தெரியல. "அப்பத்தா, மூணாவது சீட்டு ஒட்டுனேன்ல, அன்னைக்கே நம்பர மாத்திட்டேன். உன் நம்பரு அந்தப் பொட்டியில இல்ல. என் நம்பருதான். லேப்ல மேனேஜர்கிட்டச் சொல்லிப் போனப் பக்கத்துலயே வச்சுக்கிட்டேன்"ங்கிறா. அப்பப் பேருன்னு கேட்டேன். "பேரு உன்னுதுதான். பேர எப்படி அப்பத்தா எடுப்பேன்?"

அதனால மேல எழுதினதுல முக்கால்வாசி இப்பச் செல்லாது. நீ கூப்பிட்டா எடுக்குறேன், மொத மணியிலயே எடுக்குறேன். திரும்ப எழுத தாளும் இல்ல, நேரமும் இல்ல. இன்னும் முக்கியமானது, அவ வர்ற வழியிலயே ரிசல்ட் அவ போனுக்கு வந்திருச்சு. டாக்டரம்மாகிட்டக் காட்டிட்டுத்தான் வீட்டுக்கே வந்திருக்கா. பாப்பாவுக்கு அவங்க பயந்த மாதிரி எதுவும் இல்லையாம். தாய்ப்பால் தாராளமாக் குடுக்கலாமாம். கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்து, தோள்ல போட்டு ஏப்பம் விட வைக்கணும், வளர வளரக் கக்குறது நின்னுரும்னு சொல்லிட்டாங்களாம். இத ஜீவிதா சொல்லி முடிக்கல, தமிழ்மதி தொட்டில் கிட்டப் போயிருச்சு. தூங்குற பிள்ளைய எழுப்பக் கூடாதுன்னு நான் சொல்ல வாயெடுத்தேன், சொல்லல. இப்ப ரெண்டும் உள் ரூம்புல இருக்குக. கதவு சாத்தியிருக்கு. பாப்பா குடிக்கிற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. உனக்கும் கேக்கணும்னு எழுதுறேன்.

ஒண்ணே ஒண்ணு. புதுசா ஒரு போட்டோ எடுத்துத் தபால்ல போடு. இங்க இருக்கிற படத்துல நீ தலைக்கவசமும் கருப்புக் கண்ணாடியும் போட்டு நிக்கிற, மூக்கு மட்டும்தான் தெரியுது. மூக்க மட்டும் காட்டி அப்பான்னு சொன்னா பிள்ளை எப்படி நம்பும். தொப்பி இல்லாம, கண்ணாடி இல்லாம, சிரிச்ச மூஞ்சியா இருக்கட்டும். உறை மேல வாங்குறவங்க பேருன்னு இருக்கிற எடத்துல என் பேர எழுதாத, உன் பொண்டாட்டி பேரையும் எழுதாத, பாப்பா பேர எழுது. இந்த ஆஸ்பத்திரி அலைச்சல்ல இன்னும் பேரே வைக்கலையே அப்பத்தான்னு கேப்ப. நீ எழுதி அனுப்பு. தபால்காரரு நம்ம வாசல்ல நின்னு என்ன பேரச் சொல்லிக் கூப்பிடுறாரோ, அதுதான் அவ பேரு.